வார்னிஷ் அடிக்காத வீடு

ஆபீஸில் அவளுக்கு வைத்த பெயர் அட்டை. அட்டையை வெட்டி ஒட்டிக் கட்டடம் செய்கிறவள் என்பதால் யாரோ வைத்தது. ஒரு வேலையைப் பிடித்தால் லேசில் விடமாட்டாள் என்பதால் அப்படியே நிலைத்துவிட்டது. வயதில் சின்னவர்கள் அட்டையக்கா என்பார்கள். முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது கோபித்துக்கொள்வாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். "உறிஞ்சறதுக்கு உங்க உடம்புல ரத்தம் இருந்தாத்தானேடா" என்று சொல்லிவிட்டுக் கட்டரை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

அது ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீஸ். இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத அடுக்குமாடிகளை அவள் காகிதத்தில் கட்டி மேஜைமேல் வைப்பாள். வாங்க வருகிறவர்கள் குனிந்து பார்த்து, இது எங்க பெட்ரூம், இது எங்க பால்கனி என்று விரல் நீட்டுவார்கள். அவள் கட்டிய வீடுகளில் மழை ஒழுகியதில்லை, மாமியார் மருமகள் சண்டை நடந்ததில்லை. அந்த மாதிரி வீடு காகிதத்தில்தான் கிடைக்கும் என்று அவளுக்கே தெரியும்.

காகிதம் நமக்கெல்லாம் காகிதம். அவளுக்கு அது ஒரு ஆள், குணம் பார்த்துத்தான் வேலைக்கு எடுப்பாள். தாளை எடுத்ததும் இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்ப்பாள். ஒரு பக்கம் சொன்னபடி வளையும், மறு பக்கம் முறுக்கிக்கொள்ளும். வளைகிற பக்கமாகச் சுருட்டினால் உருண்டைத் தூண் வரும். முறுக்கிக்கொள்கிற பக்கமாகச் சுருட்டினால் கோடு கோடாக வெடிக்கும். சுவருக்கு ஐவரி போர்டு, தரைக்குக் கனமான மில் போர்டு. பசையை ஓரத்தில் கோடு இழுத்த மாதிரி வைக்கவேண்டும். தாராளமாகத் தடவினால் அட்டை தண்ணீர் குடித்துத் தொப்பை போட்டுவிடும். வெட்டின ஓரத்தில் வெள்ளை தெரியும், அதை அதே நிறப் பென்சிலால் மூடவேண்டும். கடைசியில் வார்னிஷ். முன்பக்கம் மட்டும் அடித்துவிட்டுப் போனால் காய்வதற்குள் சுவர் அப்பளம் மாதிரி சுருண்டுகொள்ளும், அதனால் பின்பக்கமும் ஒரு கை அடிக்கவேண்டும். புதிதாகச் சேருகிறவர்கள் இதையெல்லாம் கண்ணீர் விட்டுத்தான் கற்றுக்கொள்வார்கள்.

வார்னிஷ் அடிக்காமல் அவள் கையிலிருந்து ஒரு வீடும் வெளியே போனதில்லை. வேலை தெரிந்தவளுக்கு உள்ள திமிர் அது. பாதி திமிர் அண்ணனிடமிருந்து வந்தது.

அண்ணன் பெயின்டர். கல்யாணம் செய்துகொள்ளாமல் அவளோடும் அவள் கணவனோடும் ஒரே வீட்டில், பின்பக்கத்து அறையில் இருந்தான். தங்கையைக் காகித மேஸ்திரி என்பான். "நான் அடிக்கற சுவத்துல யானை சாயலாம். உன் சுவத்துல ஈ உக்காந்தா விழுந்துடும்" என்பான். "சுவத்த எவனோ கட்டி வச்சாத்தான் உனக்குப் பொழப்பு. நான் சுவரையும் சேத்துக் கட்டறேன்" என்பாள் அவள். இப்படியே காலையில் ஆரம்பித்து டீ ஆறும்வரை நடக்கும். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் சண்டை வந்ததில்லை. முடிக்காத வேலையை இன்னொருவர் கையில் கொடுக்கக்கூடாது. கடைசி கோட்டிங் காய்ந்த பிறகுதான் அது வேலை, அதற்கு முன்னால் அது குப்பை.

அவன் கண் ஒரே நாளில் போகவில்லை. ஓரத்திலிருந்து ஆரம்பித்தது. சுவரின் நடுவெல்லாம் நன்றாக இருக்கும், மூலையில் திட்டுத் திட்டாக விட்டுப்போயிருக்கும். முதலில் பல்பு சரியில்லை என்றான். பிறகு பெயிண்ட் கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்றான். கூட வேலை செய்கிறவர்கள் நல்லவர்கள், அவன் கிளம்பிப் போனதும் மூலைகளைச் சத்தமில்லாமல் திரும்ப அடித்துவைத்தார்கள். மறந்து வைத்த சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுக்கத் திரும்பிப் போனபோது அதை அவன் பார்த்துவிட்டான். வீட்டுக்கு வந்து பிரஷ்களையெல்லாம் நன்றாகக் கழுவி, துணியில் சுற்றி, பரண்மேல் போட்டான். யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கண் நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது என்றார் டாக்டர். "போனது போனதுதாம்மா. இருக்கறதக் காப்பாத்தப் பாக்கலாம்." அவளால் செய்ய முடிந்தது சொட்டு மருந்து விடுவது. வேளை தவறாமல் விட்டாள். இருந்ததும் போயிற்று. இப்போது ஜன்னல் இருக்கும் பக்கம் வெளிச்சம் என்று மட்டும் தெரியும், அந்த வெளிச்சத்தில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது.

ஆனாலும் அந்த வீட்டுக்குள் அவன் ராஜா. எந்தக் கதவு கிறீச்சிடும், எந்த டைல்ஸ் உடைந்திருக்கிறது எல்லாம் காலுக்குத் தெரியும். அவனே எழுந்து அவனே டீ போட்டுக் குடிப்பான். அவளுக்கும் போட்டுவைத்து, "கண்ணு தெரியாதவன் போட்ட டீ, சக்கரை தூக்கலா இருந்தா எறும்பக் கேளு" என்பான்.

அப்புறம் வீட்டு ஓனர் வந்தார். பையன் குடும்பத்தோடு திரும்பி வருகிறான், வீடு வேண்டும் என்றார். நாற்காலியில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் பதிலுக்குச் சத்தம் போட்டிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

தேடி அலைந்து ஓர் அடுக்குமாடியில் வீடு பிடித்தார்கள். அவள் கணவன் பார்சல் வேன் ஓட்டுகிறவன். வாயிலிருந்து வார்த்தை வாங்குவது கஷ்டம், ஆனால் தங்கமான மனிதன். சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "புது வீடு பழகற வரைக்கும் நான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன் மச்சான்."

"கக்கூஸுக்குமா மாப்பிள்ளை?"

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஏற்கெனவே முடிவு செய்ததைச் சொல்கிற மாதிரி சொன்னான். ஊர் எல்லையில் பார்வையில்லாதவர்களுக்கு ஓர் இல்லம் இருக்கிறது. நடைபாதை முழுக்கக் கயிறு கட்டி வைத்திருக்கிறார்களாம். போன் செய்து கேட்டுவிட்டான், இடம் இருக்கிறதாம்.

"அங்க யாருக்கும் கண்ணு தெரியாது, அதனால யாரும் யாரையும் புடிச்சு இழுத்துட்டுப் போகமாட்டாங்க. நான் கோவத்துல சொல்லல. வீட்டுக்குள்ள நடக்கறதுக்கே ஒருத்தர் கை வேணும்னா நான் அங்க போயிடறேன். பாரமா இருக்கறது எனக்கு ஆகாது."

"பாரம்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லமாட்டீங்க. அதான் கஷ்டம்."

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் போய்விட்டால் அவளோடு சண்டை போட இந்த உலகத்தில் வேறு ஆள் கிடையாது. கண்ணை அவளால் திருப்பிக் கொடுக்க முடியாது. வீட்டு ஓனரின் பையனை வராதே என்று சொல்ல முடியாது. அவளுக்குத் தெரிந்தது அட்டை. புது வீட்டை அட்டையில் செய்து அவன் விரலுக்குப் பழக்கிவிட்டால் என்ன என்று தோன்றியது. குடி போவதற்கு முன்னாலேயே அவன் அங்கே நடந்து முடித்திருப்பான். யார் கையும் வேண்டாம்.

கணவனைக் கூட்டிக்கொண்டு போய் டேப் பிடித்து மூலை முடுக்கெல்லாம் அளந்துவந்தாள். ஆபீஸில் செய்கிற அளவு போதாது, வாசல் வழியாக விரல் நுழையவேண்டும், அதனால் மேஜையில் பாதியை அடைக்கிற அளவுக்குப் பெரிதாகச் செய்தாள். கூரை வைக்கவில்லை. தொட்டதும் எந்த அறை என்று விரலுக்குத் தெரிய, சுவருக்கும் தரைக்கும் அறைக்கு ஒரு தினுசுத் தாள் ஒட்டினாள். ஹாலுக்கு நார் தெரிகிற கைவேலைக் காகிதம், சமையல்கட்டுக்கு நெளி அட்டை, குளியலறைக்கு உப்புத்தாள். அண்ணன் அறைக்குத் துணி மாதிரி இழை ஓடுகிற தாள். அந்தத் தாளில் மூன்று நிறம் இருந்தது. எது என்று கடையில் வெகு நேரம் யோசித்து, அவனுக்குப் பிடிக்குமே என்று வெளிர் நீலத்தை எடுத்துவந்தாள். கண் தெரியாத மனிதனுக்கு நிறம் பார்த்து வாங்கியவளை என்னவென்று சொல்வது! பழக்கம் அப்படி.

வீட்டுக்குள் பசை வாசனை வந்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னாள். அவன் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"முடிஞ்சதா?"

"ஒட்டிட்டேன். வார்னிஷ்தான் பாக்கி. இப்பவே தொட்டுப் பாக்கறியா?"

"சீ, முடிக்காம கையில குடுக்காத. தினம் தொடப்போறேன், கை வேர்வை பட்டா நாறிடும். எடு டப்பாவ. மாடிக்குப் போவோம்."

இருவரும் மொட்டை மாடியில் நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள். அவள் அடித்தாள், அவன் மேற்பார்வை. முதல் கோட்டிங்கைக் காகிதம் குடித்துவிடும், அதைக் கணக்கில் சேர்க்காதே என்றான். தின்னர் வாசனையை வைத்தே கெட்டியாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஊற்று என்றான். காய்ந்ததும் நைசான உப்புத்தாளால் தேய்க்கச் சொன்னான். தேய்க்கிற சத்தத்தைக் கேட்டு, அழுத்தாதே என்று அதட்டினான். தூசியைத் துணியால் ஒற்றியெடுக்கிற வேலையை மட்டும் நான் செய்கிறேன் என்று கேட்டு வாங்கி, துணி நுனியால் செய்தான். பிறகு மறுபடியும் ஒரு கோட்டிங், மறுபடியும் ஒன்று. பழைய பாட்டை முணுமுணுத்தான். பிரஷ்களைப் பரணில் போட்ட பிறகு அவன் பாடி அவள் கேட்டதே இல்லை.

நன்றாகக் காய்ந்த பிறகு கீழே கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் இரண்டு கையையும் தொடையில் துடைத்துக்கொண்டு தொட்டான்.

"ஆகா, கண்ணாடி மாதிரி வந்திருக்கு!"

அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அவன் விரல்கள் போயின, வந்தன, திரும்பப் போயின. ஒரு சுவரில் நின்றன. அடுத்த சுவருக்குப் போய்விட்டு முதல் சுவருக்கே வந்தன.

"இது எது?"

"உப்புத்தாளு அண்ணா. குளியலறை."

"அப்ப இது?"

"அது ஹால்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு." நெளி அட்டையின் பள்ளமெல்லாம் வார்னிஷ் நிரம்பி நிரவியிருந்தது. "எல்லாமே ஒரே சுவரா இருக்குடி."

அவள் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு அருமையாக வார்னிஷ் அடித்திருந்தார்கள். துணியைத் தின்னரில் நனைத்துத் துடைத்தால் போய்விடும் என்று துடைத்தாள், அவனுடைய அறையின் நீலம் தாளோடு உரிந்து கையில் வந்தது.

"நாம ரெண்டு பேரும் சேந்தா ஒரு வேலையாவது உருப்படுமா?" என்று அண்ணன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "விடு. அந்த இடமும் நல்ல இடம்தான்னு சொல்றாங்க."

அவள் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத அழுகை இருக்கிறதே, அது சீக்கிரம் நிற்காது. கதவுக்கு வெளியே கணவன் வந்து நின்றான். வாளி நிரம்பி வழியும் சத்தம் கேட்டு, "தண்ணி வீணாகுது" என்று மட்டும் சொன்னான்.

ஆனால் அட்டை லேசில் விடுகிறவள் இல்லையே. இந்தத் தடவை காகிதக் கடைக்குப் போய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டு தாள் தாளாகத் தடவினாள். கடைக்காரர் பயந்துபோய் ஸ்டூல் எடுத்துவந்து, "தலை சுத்துதாம்மா? உக்காருங்க, தண்ணி குடிங்க" என்றார். பழக்கமான கடைதான், ஆனாலும் அவள் விளக்கம் சொல்லவில்லை. விரலுக்குப் பேசின தாள்களில் எல்லாம் ஒவ்வொரு துண்டு வாங்கிவந்து அண்ணன் முன்னால் பரப்பினாள். அவன் மகா அதிகாரத்தோடு உட்கார்ந்து தேர்ந்தெடுத்தான். உப்புத்தாள் தோலை உரிக்கிறது என்று தள்ளி, அதைவிட நைசானதைக் குளியலறைக்கு வைத்தான். சமையல்கட்டுக்கு நெளி அட்டையே இருக்கட்டும். ஹாலுக்குத் தடிமனான வெற்று அட்டை. பால்கனிக்கு வலைத்துணி.

"என் ரூமுக்கு வெல்வெட் பேப்பர். ராஜா ரூம்னா சும்மாவா?"

"ராஜா மூஞ்சியப் பாரு."

"பாக்க முடிஞ்சா பாத்திருக்கமாட்டேனா?"

இரண்டாவது வீட்டை வார்னிஷ் இல்லாமலே கொடுத்தாள். கொடுக்கும்போது அவளுக்குக் கை கூசியது. ஆடை உடுத்தாத பிள்ளையைத் தெருவுக்கு அனுப்புகிற மாதிரி இருந்தது. அவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கவேண்டும், பச்சையாக இருக்கே என்று ஒரு தடவை சொன்னான். டப்பாவைப் பார்த்தால் மனசு கேட்காது என்று அவள் அதை ஆபீஸில் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

அவன் அதில் தினம் நடந்தான். இரண்டு விரலையும் இரண்டு கால் மாதிரி வைத்துக்கொண்டு, வெல்வெட்டில் படுத்து எழுந்து, வெற்று அட்டை வழியாகப் போய், நெளியில் டீ போட்டு, வலைத்துணியில் வந்து உட்கார்ந்தான். வேர்வையில் வெல்வெட் திரிதிரியாக நின்றது, வாசல் ஓரங்கள் பஞ்சாகப் பிரிந்தன. அவள் கிழித்துவிட்டு அதே தினுசுத் தாளைத் திரும்ப ஒட்டினாள். ஒட்ட ஒட்ட அவன் கிழித்தான். கணவன் வேலை முடிந்து வந்ததும் அவனை உட்கார வைத்துப் பரீட்சை நடக்கும்.

"கேளுங்க மாப்பிள்ளை. எங்க வேணா என் விரல வைங்க."

கணவன் அந்த விரலைப் பிடித்து ஒரு சுவரில் வைப்பான்.

"வரி வரியா இருக்கு. சமையல்கட்டு. வலது கைப்பக்கம் ரெண்டு எட்டு வச்சா குளியலறை. சரியா?"

"சரி மச்சான்."

ஒரு நாள் அவள் காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்தபோது அவன் போனில் பேசுவது கேட்டது. அந்த இல்லத்துக்காரர்களிடம்தான். இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் சார், எங்க வீடு எனக்குப் பழகிடுச்சு என்றான். இன்னும் குடியே போகவில்லை, அதற்குள் எங்க வீடு! அவள் ஈரத்துணியையும் சேர்த்து அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். அவ்வளவு சந்தோஷம்.

குடி போகிற அன்று சாமானை வேனில் ஏற்றிவிட்டு, கணவன் பின்னால் வரட்டும் என்று அண்ணனும் அவளும் ஆட்டோவில் முன்னால் போனார்கள். சாமான் வருவதற்குள் காலியாக இருக்கும்போதே நடந்து பார்க்கவேண்டும் என்பது அவன் ஆசை. புது ஓனர் சாவியைக் கொடுத்தார். "உங்களுக்காகத்தாம்மா வீடு முழுக்கப் பெயிண்ட் அடிச்சேன். சுவத்துல எதையும் ஒட்டிடாதீங்க, ஆணியும் அடிக்காதீங்க" என்றார். எல்லா வீட்டு ஓனரும் சொல்வதுதானே என்று அவளும் தலையாட்டினாள்.

கதவைத் திறந்ததும் அண்ணன் செருப்பைக் கழற்றினான்.

"நீ பேசாத. நானே போறேன்."

அவள் வாசலிலேயே நின்றாள். அவன் வலது கையைச் சுவரில் வைத்து உள்ளே போனான். வைத்த கை அப்படியே நின்றது. உள்ளங்கையால் ஒரு தடவை மேலும் கீழும் தடவினான்.

"யாரோ நல்ல வேலைக்காரன்" என்றான். குரலில் நிஜமான மரியாதை இருந்தது.

நடந்தான். மூலை வந்தது, திரும்பினான். ஒரு வாசல், திரும்பினான். இன்னொரு மூலை. அவளும் சத்தமில்லாமல் பின்னாலேயே போனாள். மேஜைமேல் ஒரு விரல் தாண்டுகிற தூரம் இங்கே எத்தனையோ எட்டாக நீண்டது. அவன் விரல்கள் சுவரில் எதையோ தேடின. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. இரண்டாவது கையும் சுவருக்கு வந்தது. காலால் தரையைத் துழாவினான், தரையும் வீடு முழுக்க ஒரே டைல்ஸ்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெல்வெட்டும் நெளியும் அவளுடைய அட்டையில் மட்டும்தான் இருந்தன. இந்த வீட்டில் ஹாலுக்கும் அறைக்கும் குளியலறைக்கும் ஒரே பெயிண்ட், ஒரே வழவழப்பு. வார்னிஷ் அடித்த முதல் வீட்டுக்குள்தான் அவனைக் கொண்டுவந்து விட்டிருந்தாள். ஊரில் உள்ள தாளையெல்லாம் தடவிப் பார்த்தவள், இந்தச் சுவரில் ஒரு தடவை கை வைத்துப் பார்க்கவில்லை. பேசாதே என்று அவன் சொல்லியிருந்தான்.

"ஏய்" என்று கூப்பிட்டான். "நான் எங்க இருக்கேன்?"

"உன் ரூம்ல அண்ணா."

"இதுவா?" மறுபடியும் தடவினான். "இதுவா என் ரூமு?"

"பழகிடும் அண்ணா. கொஞ்ச நாள்ல பழகிடும்."

"பழகும். அது வரைக்கும் யாரு கை?" அவன் நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டான். "ஒரு குறை சொல்ல முடியாது, போ. நான் அடிச்சிருந்தாலும் இப்படித்தான் அடிச்சிருப்பேன்."

பிறகு நிமிர்ந்து கையை நீட்டினான். வெளிச்சம் தெரிகிற ஜன்னல் பக்கம் நீட்டினான். அவள் நின்றது அவனுக்குப் பின்னால், அறை வாசலில்.

"கையக் குடு."

அவள் சுற்றிக்கொண்டு போய் அந்தக் கையைப் பிடித்தாள். கீழே தெருவில் வேன் வந்து நின்று, பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"என் பெட்டிய மட்டும் இறக்கவேண்டாம்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லிடு" என்றான் அண்ணன்.